மச்சான் தேர்ந்தெடுத்த புரொபெல்லர்

என் மனைவியின் அண்ணன் முருகேசனுடைய மூன்று விரல்களை வெட்டியவன் நான். கைதவறி அல்ல. வேண்டுமென்றே!

கூடலூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் உங்களுக்கு வேறு கதை சொல்வார்கள். புரொபெல்லரைத் தப்பாகத் தேர்ந்தெடுத்ததால் வந்த விபத்து என்பார்கள். நான்கு ஆண்டுகளாக அந்தப் பொய்யில்தான் சோறு தின்கிறேன்...

எஸ்டேட் ஏரியில் விருந்தினர்களைப் படகில் சுற்றிக் காட்டுவது எங்கள் இருவருடைய வேலை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குக் குடிநீர் அந்த ஏரியிலிருந்துதான் போகிறது. அதனால் பெட்ரோல் எஞ்சின் கூடாது. பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார். அதற்கு எந்தப் புரொபெல்லர் பொருத்துவது? இதற்குத்தான் அத்தனை ரத்தமும்!

ஏரியில் பாதி நீர்க்கொடி. மூன்று ரெக்கைப் புரொபெல்லர் வேண்டும் என்றேன் நான். அதன் ரெக்கைகள் பின்பக்கம் வளைந்திருக்கும். கொடி சுற்றாமல் வழுக்கிப் போய்விடும். வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முருகேசனுக்கோ வேகம்தான் பெரிது. கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் அலுமினியத்தில் இரண்டு ரெக்கை செய்து வாங்கி வந்தான். விளிம்பைத் தொட்டால் விரல் கீறும்.

படகுத்துறையில் வாக்குவாதம் முற்றியது. தேயிலைக் கொழுந்து பறித்துத் திரும்பிய பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏனுங்க மச்சான், இதை மாட்டுனா நடு ஏரியில நின்னுபோயிருமுங்க," என்றேன்.

"நீ எனக்குச் சொல்லித் தர்றியாடா?"

அறைந்தான்! அதுவரை "வாங்க மாப்ள" என்று மட்டுமே அழைத்தவன், "டா" போட்டு, நாலு பேர் பார்க்க, தங்கை புருஷனை அறைந்தான். எங்கள் பக்கம் மாப்பிள்ளைமேல் கைநீட்டினால் உறவே அற்றுப்போகும். நான் அறுக்கவில்லை. மறுநாள் காலை அவனோடு படகில் ஏறினேன். அதைப் பொறுமை என்று என் மனைவி நினைத்தாள். பாவம், என்னை நம்பினாள்!

நான் சொன்னபடியே நடந்தது. நடு ஏரியில் கொடி சுற்றி மோட்டார் திணறியது. ஓட்டிவந்த முருகேசன் கைப்பிடியைத் திருகி நிறுத்தினான். நான் கண்ணால் பார்த்தேன்... நிறுத்தினான். பேட்டரி வயரை உருவவில்லை. கொடி எடுக்க நாங்கள் ஒருநாளும் உருவியதில்லை, அவ்வளவு அலட்சியம். குப்புறச் சாய்ந்து, வலக்கையைத் தண்ணீருக்குள் விட்டுக் கொடியைப் பிய்க்க ஆரம்பித்தான்.

"நான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தையில் என் வன்மத்தைத் தீர்த்திருக்கலாம். தீர்த்தேனா? கொடி முழுவதும் விடுபடும்வரை காத்திருந்தேன். பிறகு கைப்பிடியை முழுவேகத்துக்குத் திருகினேன்.

அந்த மோட்டார் சத்தமில்லாமல் சுற்றும். அலறியது அவன்தான். உலோகம் எலும்பில் மோதிய அதிர்வு கைப்பிடி வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. அப்போதாவது நிறுத்தினேனா? இல்லை! ஒன்று, இரண்டு எண்ணும் நேரம் பிடித்திருந்தேன். மகிழ்ந்தேன். முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள்.

தண்ணீர் சிவந்தது. சுண்டுவிரல் தோலில் தொங்கியது. மற்ற இரண்டைக் காணவில்லை. சட்டையைக் கிழித்துக் கட்டியவனும் நான்தான். உயிரைக் காப்பாற்றியவன் என்ற பேரும் எனக்குத்தான்!

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நாந்தான் சரியா நிறுத்தாம கைய உட்டுப்போட்டேன் மாப்ள. கொடி உட்டதும் ரெக்கை சுத்திருச்சு. நீங்க சொன்ன மூணு ரெக்கையே மாட்டியிருக்கோணும். அடிச்சதுக்கு மன்னிச்சுக்குங்க."

"அதை உடுங்க மச்சான்," என்றேன். மன்னித்தேன்! வெட்டிய நான், வெட்டுப்பட்டவனை மன்னித்தேன்...

இன்று எந்தப் படகுக்காரரைக் கண்டாலும் அந்தக் கையை நீட்டி, என் புத்தியைப் புகழ்கிறான். உண்மையைச் சொல்ல எத்தனை முறை வாயெடுத்திருக்கிறேன்! என்னைக் கொன்றுவிடுவான் என்ற பயமா? அது இல்லை. அழுதுவிடுவானோ என்றுதான் பயம்.

போன வாரம் புது மோட்டார் வந்தது. மூன்று ரெக்கைதான். நட்டை முடுக்கும்போது ரெக்கை சுற்றாமல் ஒருவர் பிடிக்க வேண்டும். எஞ்சிய இரண்டு விரல்களால் முருகேசன் பிடித்தான். பேட்டரி இணைப்பில் இருந்தது.

"இருங்க மச்சான், வயரை உருவிட்டு வந்தர்றேன்," என்றேன்.

"அட, நீங்க இருக்கறப்ப எனக்கென்னங்க பயம் மாப்ள," என்று சிரித்தபடி ரெக்கையை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

நான் வயரை உருவாமலே நட்டை முடுக்கினேன்.