கிடாருக்கு எண்ணெய் விட்டவர்

சில வருடங்களுக்கு முன், ஒரு காணும் பொங்கல் அன்று நடந்தது இது. மொரப்பூர் ரயிலடியில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் வருகிற சின்ன ஊர் எங்களுடையது. அன்று பகலெல்லாம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் விளையாட்டுப் போட்டி. சாயங்காலம் பக்கத்துக் கலையரங்கத்தில் பாட்டுக் கச்சேரி. அந்தக் கச்சேரியில் எலக்ட்ரிக் கிடார் வாசித்தது நான்.

இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குக் கொஞ்சம் தலை நிமிரும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் வேலை செய்து என்னைப் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்க வைத்தார்கள். படித்து முடித்ததும் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. விடுதி அறையில் கூட இருந்த தோழியிடம் கிடார் கற்றுக்கொண்டேன். பிறகு பழைய எலக்ட்ரிக் கிடார் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கினேன். லீவு நாட்களில் தருமபுரியில் உள்ள ஒரு பாட்டுக் குழுவோடு வாசிக்கப் போவேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று பல ஊர்களில் வாசித்தாயிற்று. எங்கள் ஊரில் மட்டும் வாசித்ததில்லை.

ஊரில் சிலருக்கு அதில் இஷ்டமும் இல்லை. "பொட்டப்புள்ள மேடையேறிக் கம்பியத் தட்டத்தான் அவ அப்பன் படிக்க வெச்சானா?" என்று விழாக் கமிட்டியில் ஒருவர் டீக்கடையில் கேட்டது என் காதுக்கே வந்தது. எங்கள் குழுவில் பாடும் அக்கா ஒருவர் இருக்கிறார். வாயும் குரலும் ஒன்றுக்கொன்று சளைக்காதவர். அவர்தான் பிடிவாதமாக நின்று, கச்சேரியின் நடுவில் ஒரு பாட்டுக்கு முன்னால் நான் தனியாக வாசிக்க இடம் வாங்கிக் கொடுத்தார். சில நிமிடம்தான். ஆனாலும் என் ஊர்க்காரர்கள் முன்னால், என் அப்பா முன்னால், நான் மட்டும் வாசிக்கப் போகும் சில நிமிடம். அப்பாவோ ஒரு வாரமாகவே கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்து வாசித்துப் பார்த்தபோதுதான் கிடாரில் தொல்லை ஆரம்பித்தது. கிடாரின் விளிம்பில் ஒயரைச் செருகும் ஓட்டை ஒன்று இருக்கும். அதை ஜாக் என்போம். அதற்குள் ஒரு சின்ன உலோக நாக்கு, செருகிய பின்னை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நாக்கு தளர்ந்துபோனால் ஒயர் கொஞ்சம் அசைந்தாலும் ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம் வரும். எனக்கும் அதுதான் வந்தது. திறந்து சரிசெய்யும் சாமான்களெல்லாம் ஓசூர் அறையில் இருந்தன. "ஜாக்குல ஒரே கரகரப்பு, திரும்பிப் போனதும் பாத்துக்கணும்" என்று அம்மாவிடம் புலம்பிவிட்டு, கச்சேரி வரைக்கும் ஒயரை அசையாமல் கிடாரின் தோள்வாரில் சுற்றிச் சமாளித்துவிடலாம் என்று இருந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பா திரும்பிக் கிடாரை ஒருமுறை பார்த்தார்.

கரிநாள் அன்று, அதாவது காணும் பொங்கல் அன்று, உச்சிவெயிலில் மேடையில் மைக் எல்லாம் சரிபார்த்தோம். கிடாரைச் செருகினேன். என்ன ஆச்சரியம்! சத்தமே இல்லை. ஒயரை ஆட்டியும் பார்த்தேன், கரகரப்பைக் காணோம். தேங்காய் எண்ணெய் வாசம் லேசாக அடித்தது. என் தலையில் வைத்த எண்ணெய் என்று நினைத்துக்கொண்டேன்.

கச்சேரி ஆரம்பித்து முதல் சில பாட்டுகளும் நன்றாகவே போயின. பிறகு பலகுரல் பேசுபவர் வந்தார். அந்த நேரத்தில் கிடார் ஒயரைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். மேடைக்கு முன்னால் உறியடி நடந்த இடத்தில் இன்னும் செம்மண் பறந்துகொண்டிருந்தது. வெயில் இறங்கியதும் எங்கள் பக்கத்துத் தை மாதக் குளிர் சட்டென்று வந்து உட்கார்ந்தது. ஆண்கள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார்கள்.

என் முறை வந்தது. பாடகி அக்கா மைக்கில் என்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்லி முடித்தார். கைதட்டல். ஒயரைச் செருகினேன். கம்பியைத் தட்டினேன்.

கரகரகர. பிறகு அதுவும் இல்லை.

ஒயரைத் திருகினேன். ஒருமுறை டமார் என்று வெடித்தது, முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்தின. மறுபடி அமைதி. வேறு ஒயர் மாற்றினேன். இல்லை. மதியம் ஜாக் நன்றாக வேலை செய்ததால் என் சந்தேகம் அதன் மேல் போகவே இல்லை. ஸ்பீக்கர் பெட்டியின் பின்னால் குனிந்தேன், சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டியைக் கழற்றிப் பூட்டினேன், கரண்ட் பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான். ஊர் முன்னால் மண்டியிட்டு ஒயர்களுக்குள் துழாவிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குழுத் தலைவர் கிட்டே வந்து, "விடும்மா, கீபோர்டுல சமாளிச்சுக்கறோம், கிடார ஓரமா வெச்சிடு" என்றார். கீழேயிருந்து அந்தக் கமிட்டிக்காரர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். "நான் அப்பவே சொன்னேன். பொட்டப்புள்ள கையில மிசினக் குடுத்தா இப்படித்தான். எறங்கச் சொல்லுங்க, நேரமாவுதில்ல!"

சிலர் சிரித்தார்கள். என் கண் கலங்கிவிட்டது. கிடாரைக் கழற்றத் தோள்வாரில் கை வைத்தேன். இப்போது இறங்கினால் இந்த ஊர் மேடையில் இன்னொரு பெண் எதையும் கையில் எடுத்துக்கொண்டு ஏற முடியாது என்று மட்டும் தோன்றியது.

அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. அப்பா.

என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊர்க்கூட்டம் நடந்தால் கடைசியில் நின்று கேட்டுவிட்டு வருகிறவர் அவர். யாராவது கருத்துக் கேட்டால், "பெரியவங்க சொல்றபடி" என்பதோடு சரி. அப்படிப்பட்டவர் எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, மேடையின் விளிம்புக்கே வந்துவிட்டார்.

"பாப்பா, அதுல நான் எண்ணெ உட்டேன்."

எனக்குப் புரியவில்லை. பாடகி அக்காவுக்குக் காதில் விழுந்துவிட்டது. "என்னங்கப்பா சொல்றீங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்று மைக்கை அவர் வாயருகே நீட்டினார். வேறு யாராக இருந்தாலும் பின்வாங்கியிருப்பார்கள். அப்பா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கரகரங்குதுன்னு பாப்பா சொல்லுச்சுங்க. நம்ம கெணத்து உருளைக்கு உடறோம், சைக்கிளுக்கு உடறோம், சத்தம் நின்னுடுதில்லீங்க? அதான் காலையில அது தூங்கையில, ஒயரு குத்தற ஓட்டையில எண்ணெ உட்டேன். மோட்டார் எண்ணெ அழுக்குன்னு, தலைக்கு வெக்கிற நல்ல தேங்காண்ணெயே அடுப்புல காட்டி இளக்கி உட்டேன்." கமிட்டிக்காரரின் பக்கம் திரும்பினார். "தப்பு என்னுதுங்க. பாப்பா மேல ஒண்ணும் தப்பில்ல."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "கிடாருக்கு எண்ணெ தேய்ச்சு உட்டவன் நீதான்யா!" என்று யாரோ கத்தினார்கள். "சீயக்கா போட்டியாப்பா?" என்று இன்னொருவர். எனக்கோ ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வெயிலில் எண்ணெய் இளகிக் கிடந்ததால் மதியம் சத்தம் வந்தது. இப்போது குளிரில் உறைந்துபோய், நாக்குக்கும் பின்னுக்கும் நடுவில் மெழுகு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கீழே கிடந்த பின்னில் வேறு மண் ஒட்டியிருக்கும்.

"அக்கா, கொஞ்ச நேரம் பேசிச் சமாளிங்க" என்றேன். அவர் கண்ணைச் சிமிட்டிவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார். "அப்பா, போயிடாதீங்க. இன்னும் எதெதுக்கெல்லாம் எண்ணெ உட்டிருக்கீங்க, சொல்லிட்டுப் போங்க."

அப்பா அதைக் கேலியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். கதவுக் கீலுக்கு, தையல் மிசினுக்கு, ஒருமுறை காதுக்குள் பூச்சி போன கன்றுக்குட்டிக்கு.

"மாமியார் வூட்டுக் கதவுக்கு உட்டிருக்கீங்களா?"

"அங்க உடலீங்க. உட்டா நான் வர்றது தெரியாதே! கிறீச்சுன்னாத்தான் கோழி அடிக்கணும்னு ஞாபகம் வரும் அவங்களுக்கு."

இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அவரைப் பார்த்துச் சிரித்த கூட்டம் இப்போது அவரோடு சேர்ந்து சிரித்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கியதை மேடையிலிருந்தே பார்த்தேன்.

அதற்குள் நான் மைக்செட் அண்ணனிடம் ஸ்குரூடிரைவரும் குறடும் வாங்கிவிட்டேன். கபடிக்காகக் கொண்டுவந்த முதலுதவிப் பெட்டியில் பஞ்சும், ஊசி போடுவதற்கு முன் தடவும் ஸ்பிரிட்டும் இருந்தன. ஜாக்கின் தகட்டைக் கழற்றி வெளியே இழுத்தேன். நினைத்தது சரி. வெள்ளையாக உறைந்த எண்ணெயும், அதில் ஒட்டிய செம்மண்ணும். பாடகி அக்கா பேசிக்கொண்டே தன் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி என்னிடம் நீட்டினார். அதில் பஞ்சைச் சுற்றி ஸ்பிரிட்டில் நனைத்து, பளிச்சென்று ஆகும்வரை துடைத்தேன். ஒயர் முனைகளில் பற்றவைத்த இடம் உறுதியாகத்தான் இருந்தது. தளர்ந்துபோயிருந்த அந்த உலோக நாக்கை விரலால் மெல்ல உள்பக்கமாக வளைத்தேன். அதிகம் வளைத்தால் ஒடிந்துவிடும், குறைந்தால் பிடிக்காது. ஜாக்கைச் சுற்றியிருந்த நட்டும் ஆடியது, குறடால் இறுக்கினேன். தகட்டைப் பூட்டி, பின்னையும் துடைத்துச் செருகினேன்.

'டக்' என்று பிடித்தது. அந்தச் சத்தமே போதும், எனக்குத் தெரிந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். அப்பா இன்னும் மைக்கோடு நின்றிருந்தார். "ஆச்சாம்மா?" என்றார், அந்தக் கேள்வியும் ஸ்பீக்கரில் ஊர் முழுக்கக் கேட்டது. தலையாட்டினேன். மைக்கைக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

வாசித்தேன். ஒரு சொட்டுக் கரகரப்பு இல்லை. அன்று என் விரல்கள் போன வேகம் அதற்கு முன்னால் எனக்கே தெரியாது. முடித்ததும் வந்த கைதட்டலில் எனக்கு எவ்வளவு, அப்பாவுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. கமிட்டிக்காரரும் கைதட்டினார். மறுவருடம் அவர் பேத்தி அதே மேடையில் பறை அடித்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பாவிடம் கேட்டேன். "அத்தன பேர் சிரிப்பாங்கன்னு தெரியுமில்ல? நீங்க சும்மா இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நீ வேற எடத்துல தேடிக்கிட்டு இருந்தியே, பாப்பா" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. இப்போது நான் கம்பெனியில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஏதாவது இயந்திரம் நின்றுபோனால் எல்லோரும் எங்கெங்கோ தேடுவார்கள், எதையோ தொட்டவர் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். என்னால் நின்றிருந்தால், யார் எப்படிச் சிரித்தாலும் முதலில் நான் கையைத் தூக்கிவிடுவேன். அப்பாவும் மாறிவிட்டார். இப்போதெல்லாம் ஒயர் தொங்குகிற எதற்கும் எண்ணெய் விடுவதற்கு முன் ஓசூருக்குப் போன் போட்டு என்னைக் கேட்கிறார்.

இன்றும் கிடாரில் ஒயரைச் செருகி அது 'டக்' என்று பிடிக்கும்போதெல்லாம், ஒரு ஊரே சிரித்துக்கொண்டிருக்க எனக்காக உயர்ந்த அந்த ஒற்றைக் கைதான் நினைவுக்கு வருகிறது. படித்துப் பெற்ற பெருமைகள் எனக்கு நிறைய உண்டு, ஆனால் அந்தக் கைக்கு மகளாகப் பிறந்த பெருமைக்கு அவை எதுவும் ஈடாகவில்லை.