மூன்றாவது கட்டம்

அக்கா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். பதினாறு வருடமாக அதே மேசை, அதே நீராவி. வீட்டில் அவளும் தம்பியும் மட்டும்தான். தம்பிக்கு முப்பத்தேழு வயது. பிறவியிலேயே வலக்கை விளங்காது, புத்தியும் நிதானமாகத்தான் நடக்கும். வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. ஜன்னலில் உட்கார்ந்து தெருவில் குழி தோண்டுகிறவர்களை நாள் முழுக்க அதட்டியதால் மேஸ்திரி என்று பெயர் விழுந்துவிட்டது. "மேஸ்திரி, ஆழம் போதுமா?" என்று அவர்களே கேட்பார்கள். அவன் ஒருநாளும் போதும் என்று சொன்னதில்லை.

அக்கா வேலைக்குப் போகிற நேரத்தில் அவனுக்குத் துணையாக ஓர் அம்மாள் வருவாள். அவளுக்குச் சம்பளம் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து. வாரத்துக்கு எத்தனை நாள் துணை என்பதை வருடத்துக்கு ஒருமுறை ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரித்து முடிவு செய்வார். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே மூன்று கட்டம்: தானே செய்வார், உதவியோடு செய்வார், செய்ய முடியாது.

மூன்று வருடத்துக்கு முன் அக்கா சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டாள். மேஸ்திரி ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொண்டது அப்போதுதான். நாலு வருடப் பாடு அது. பகல் மையத்தில் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் பொறுமை இழந்த பிறகும் இவன் இழக்கவில்லை. ஆறு பொத்தானுக்குப் பதினோரு நிமிடம் எடுத்துக்கொள்வான். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "சட்டை அவனே போட்டுக்குவான் சார்" என்று வந்த அதிகாரியிடம் சொல்லிவிட்டாள். ஐந்து நாள் துணை மூன்று நாளானது.

அந்த மையத்துக்குத் தங்கள் பிள்ளைகளைக் கூட்டி வரும் அம்மாக்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "அழுத பிள்ளைதாம்மா பால் குடிக்கும். நல்ல நாளைச் சொல்லாத. இருக்கிறதுலயே மோசமான நாளை மனசுல வச்சுக்கிட்டு பதில் சொல்லு." அடுத்த இரண்டு வருடமும் விசாரணை நாளில் மேஸ்திரியைத் துணை அம்மாளோடு பூங்காவுக்கு அனுப்பிவிட்டு அப்படியே சொன்னாள். குறைத்தவர்கள் கூட்டவில்லை. மீதி இரண்டு நாள் அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போனாள். அது சரியா என்று கேட்கிறவர்கள் வந்து விரிப்பு மடித்துக் கொடுக்கட்டும்.

கேட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ புகார் சொல்ல, இன்னொரு முறை பூட்டினால் அவனைக் காப்பகத்தில் சேர்த்துவிடுவோம் என்று அலுவலகத்திலிருந்து எழுத்தில் வந்தது. இந்த முறை ஐந்து நாள் கிடைத்தாக வேண்டும்.

இந்த முறை வந்தது புது அதிகாரி, ஒரு பெண். "அவரும் கூட உக்காரணும், புது விதி" என்றாள். மேஸ்திரி நல்ல சட்டை போட்டுக்கொண்டு அக்கா பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தானா சாப்பிடுவாரா?"

"ஊட்டணும்."

"பல் தேய்க்கிறது?"

"நான்தான் தேய்ச்சு விடணும்."

"தனியா விட்டா?"

"அடுப்பைத் திறந்து விட்டுடுவான்."

ஏழு வருடத்துக்கு முன் ஒரு தடவை திறந்திருக்கிறான். அக்காவின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சலவைக்கூடத்தில் விரிப்பு எண்ணுகிற குரல் அது. ஒவ்வொரு பதிலுக்கும் மேஸ்திரி அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். முதலில் சிரித்தான். "அக்கா சும்மா சொல்றா" என்று அதிகாரியிடம் சொன்னான்.

"சட்டை போட்டுக்குவாரா?"

"வராது."

மேஸ்திரி இடக்கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனான். கழற்றிப் போட்டுக் காட்டத்தான். மேல் பொத்தான் இரண்டும் கழன்றுவிட்டன. அக்கா அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"பாருங்க மேடம். ஆள் இருக்காங்கன்னுகூடப் பாக்காம சட்டையைக் கழட்டுவான்."

அதிகாரி மூன்றாவது கட்டத்தில் குறியிட்டு, ஓரத்தில் ஏதோ எழுதினாள். மேஸ்திரி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதிகாரி கிளம்பிப் போகும்வரை அது அக்காவின் மடியிலேயே கிடந்தது. தனக்கு அழுகை வரும் என்று அக்கா எதிர்பார்த்தாள். வரவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

ஐந்து நாளும் கிடைத்தது. கடிதத்தைச் சலவைக்கூடத்தில் நின்றபடியே படித்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் மனசு மரக்கட்டையாகக் கிடந்தது. அடுத்த விரிப்பை எடுத்தாள்.

விசாரணை நடந்ததற்கு மறுநாளிலிருந்தே மேஸ்திரி சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார ஆரம்பித்திருந்தான்.

"போட்டுக்கோடா, நேரமாச்சு."

"எனக்கு வராதுக்கா."

குரலில் கோபம் இல்லை. கோபம் என்றால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும், அவன் சுபாவம் அப்படி. ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. பிரஷ்ஷைக் கையில் கொடுத்தால் பிடித்துக்கொண்டு நின்றான். துணைக்கு வரும் அம்மாள் ஒருநாள் வாசலில் நிறுத்திக் கேட்டாள்.

"முன்னெல்லாம் தானே சாப்பிடுவாரு. இப்ப வாயைத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்காரு. என்னம்மா ஆச்சு?"

"ஊட்டி விடுங்க. அதுக்குத்தானே அஞ்சு நாள் வாங்கியிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவன் எதிரில் உட்கார்ந்து, "நான் அன்னிக்குச் சொன்னது பொய்டா. நம்ம நல்லதுக்குச் சொன்னேன்" என்றாள். அவன் தலையாட்டினான். சட்டையை அவன் கையில் வைத்தாள். அவன் விரல்கள் பொத்தானைத் தேடின. பிடித்தன, நழுவவிட்டன. இருபது நிமிடம் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் நடிக்கவில்லை. ஆறு மாதத்தில் கை மறந்துவிட்டிருந்தது.

வருடம் திரும்பி அதே அதிகாரி வந்தாள். இந்தத் தடவை நேரே அவனையே கேட்டாள்.

"சட்டை நீங்களே போட்டுக்குவீங்களா?"

"வராது" என்றான். பிறகு, சரியாகச் சொன்னேனா என்று கேட்பது போல அக்காவைப் பார்த்தான்.

அதிகாரி எல்லாக் கட்டங்களையும் குறித்து முடித்துக் காகிதத்தை அக்கா பக்கம் திருப்பி வைத்தாள். மேலே கூறிய அனைத்தும் உண்மை என்று உறுதியளிக்கிறேன் என்று அடியில் ஒரு வரி இருந்தது. இத்தனை வருடமாக அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்ட அக்கா, இன்று மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு கேள்வியாகப் படித்துப் பார்த்தாள். ஒரு பொய்கூட இல்லை. கையெழுத்துப் போட்டாள்.