கிரேனை எடை போட்ட சனிக்கிழமைகள்

துவரம்பருப்பு மூட்டைகளின் தூசு வாசனை... அதற்கு நடுவில் மாட்டு ஈரல் வேகிற வாசனை. திருவொற்றியூர் குடோனில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தை நினைத்தாலே இந்த ரெண்டும் சேர்ந்துதான் மூக்கில் ஏறும்.

சரக்கு எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது என்று எழுதுகிற கிளார்க் நான். லோடுமேன்கள் யாரும் என்னை மதிக்கமாட்டார்கள். நான் பேனாவை ஆட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் அவர்களுக்குச் சிரிப்பு. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். அதனால் யாரும் டீ குடிக்கக்கூடக் கூப்பிடமாட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் கிரேன் வந்தான்.

கிரேட் டேன் ஜாதி நாய்க்குட்டி. ரெண்டு மாசம். வாங்கிய நண்பனின் வீட்டுக்காரர் நாயே கூடாது என்று சொல்லிவிட, அவன் என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான். எங்கள் வீடோ ஒரே ரூம். குடோனில் கொண்டுவந்து விட்டேன். பாதங்களைப் பார்த்துவிட்டு, லோடுமேன்களுக்குத் தலைவரான ஆரோக்கியம் அண்ணன் அப்போதே பெயர் வைத்துவிட்டார்.

"இன்னா நைனா இது, காலு ஒவ்வொண்ணும் தூண் மாரி கீது! ஆர்பர் கிரேன் கணக்கா வளரும் பாரு. கிரேனுன்னே கூப்டு."

ராயபுரத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு மாட்டு எலும்பு, ஈரல் எல்லாம் வாங்கிக்கொண்டு நேராகக் குடோனுக்கு வந்துவிடுவார். மற்றவர்களும் சும்மா இல்லை. ஒருத்தர் முட்டை, ஒருத்தர் பால், ஒருத்தர் பிரியாணியில் மிச்சமான கறி.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் மூட்டை நிறுக்கிற எடை மிஷினில் கிரேனை ஏற்றுவோம். எடையைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவேன். பதினொண்ணு... பதினாலு... பதினெட்டு... ஒவ்வொரு வாரமும் விசில் பறக்கும். ஏறி நின்றால் ஈரல் கிடைக்கும் என்று அவனுக்கும் தெரியும். நான் சாக்பீஸை எடுத்தாலே ஓடிவந்து தாவி ஏறிவிடுவான்.

நாள் முழுக்க எடையைப் பார்த்தே பிழைக்கிறவர்கள் நாங்கள். எடை கூடினால் நல்லது, குறைந்தால் மூட்டையில் ஓட்டை என்று அர்த்தம். அதைத் தாண்டி எங்களுக்கு யோசிக்கத் தெரியவில்லை.

பக்கத்துக் குடோன் ஆட்கள்கூட வேடிக்கை பார்க்க வந்தார்கள். என் பெயரே "கிரேனு அப்பா" ஆகிவிட்டது. டீ தானாக வந்தது. உண்மையைச் சொன்னால்... எனக்குத் தலைகால் புரியவில்லை. போதாததற்கு நானே மருந்துக் கடையில் கால்சியம் பவுடர் வாங்கி, தினமும் பாலில் மூணு ஸ்பூன் கலந்தேன். எலும்பு இரும்பாக வேண்டுமாம்!

நாலாவது மாசம் தடுப்பூசி போட டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் ஊசியை வைத்துவிட்டு, முன்னங்கால்களை ரொம்ப நேரம் தடவிப் பார்த்தார்.

"என்ன குடுக்கறீங்க இதுக்கு?"

பெருமையாக எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"முதல்ல அந்தக் கால்சியத்தை நிறுத்துங்க. பெரிய ஜாதி நாய் மெதுவாத்தான் வளரணும். எலும்பு கெட்டியாகறதுக்குள்ள உடம்பு கனத்தா கால் வளைஞ்சிடும். தடவினா விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும். ஒல்லியா இருந்தா ஒண்ணும் தப்பில்ல, சார்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் ஈரல் நிற்கும், முட்டை நிற்கும். சுவரில் எண் ஏறாது, விசில் இருக்காது. நான் மறுபடி பேனா ஆட்டுகிற ஆளாகிவிடுவேன். அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை. கால்சியத்தைக்கூட நிறுத்தவில்லை. நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஏழாவது மாசம் ஒரு சனிக்கிழமை. சாக்பீஸை எடுத்தேன். கிரேன் வந்தான்... ஓடி அல்ல, நொண்டிக்கொண்டு. முன்னங்கால் மூட்டு ரெண்டும் வீங்கி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. ஒரு காலை மேடையில் வைத்தான். வீல் என்று கத்தினான். அப்படியும் விடாமல் இன்னொரு காலைத் தூக்கி வைக்கப் பார்த்தான்.

யாரும் விசிலடிக்கவில்லை. ஆரோக்கியம் அண்ணன் அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான்தாம்பா துன்னக் குட்த்தே கெட்த்துட்டேன்... எலும்பு எலும்பா வாங்கியாந்து போட்டேனே..."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் தீனியைக் குறைத்தோம், பவுடரை நான் சத்தமில்லாமல் நிறுத்தினேன், மருந்து கொடுத்தோம். வலி குறைந்தது, கால் நேராகவில்லை. நாலு வருஷம் அப்படியே நடந்தான். சாக்பீஸைப் பார்த்தால் கடைசிவரை வாலை ஆட்டினான்.

இப்போது அந்தக் குடோன் இல்லை. இடித்துவிட்டு கன்டெய்னர் யார்டு ஆக்கிவிட்டார்கள். எனக்கும் தலை நரைத்துவிட்டது. போன மாசம் என் மகள் ஒரு கிரேட் டேன் குட்டியைக் கூட்டிவந்தாள். தீனியை அளந்துதான் வைக்கிறாள். வாராவாரம் விலாவைத் தடவிப் பார்க்கிறாள். "இன்னாங்க, சோறே போட்றது இல்லியா?" என்று தெருவில் கேட்கிறார்கள். நான் சிரித்துக்கொள்கிறேன்.

நேற்று ஆரோக்கியம் அண்ணனுக்கு போன் போட்டு, குட்டி வந்திருக்கிறது என்றேன். அந்தக் காலமாக இருந்தால் முதல் கேள்வி "இன்னா வெயிட்டு?" என்றுதான் இருக்கும்.

இப்போது அதைக் கேட்கவில்லை.

"காலு நேரா கீதா நைனா?"

"நேரா இருக்குண்ணே."

"எலும்பு கிலும்பு நெறைய போட்றாத. நான் பண்ண தப்ப நீ பண்ணாத."

இத்தனை வருஷமாக அந்த மனுஷன் என் தப்பைச் சுமந்துகொண்டிருக்கிறார்...

போனில் சொல்ல முடியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு, குட்டியோடு ராயபுரம் போய் நிற்கப்போகிறேன்.