எங்கள் நாட்டுக்கு ஒரு பஸ்

என் மகள் கொரியாவில் படிக்கிறாள். அரசாங்க வேலைகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதில் கிழக்கு ஆசியா எப்படி முன்னே போனது, அதனால் சனங்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் படிப்பு. கேட்பவர்களிடம் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன், பெருமைப்பட எனக்குக் கூச்சம் கிடையாது. கொல்லிமலையில் மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற வீட்டிலிருந்து போனவள் அவள்.

அங்கே ரயில் நிலையத்தில் ஒரு எந்திரம் நிற்குமாம். விரலை வைத்தால் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுமாம். முதன்முதலாக அதைப் பார்த்த அன்று போன் செய்து, சாதிச் சான்றிதழுக்கு நாம் அலைந்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அலைச்சலில் அறுந்தது என் செருப்பு.

போன வருடக் கடைசியில் அவளுக்கு ஒரு சோதனை வந்தது. சொந்த ஊரை வைத்து வகுப்பில் பேச வேண்டும். அது பேராசிரியருக்குத் திருப்தியாக இருந்தால்தான் உதவித்தொகை தொடரும்; இல்லாவிட்டால் பாதியில் திரும்ப வேண்டியதுதான். ஊர்க்காரர் ஒருவரும் வீடியோவில் வர வேண்டும் என்றார்களாம். அவள் என்னைத்தான் சொன்னாள். அவர்கள் பேசுவதை எந்திரம் தமிழாக்கும், நான் பேசுவதைக் கொரிய மொழியாக்கும்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. சண்டைக்குப் போயிராத," என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

வீட்டில் சிக்னல் நிற்காது என்பதால் வாசலூர்பட்டி படகு இல்லத்துக்குப் போனோம். என் வீட்டுக்காரர் போனைப் பிடித்துக்கொண்டார். பின்னால் ஏரியில் சுற்றுலா வந்தவர்கள் படகில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பேராசிரியர் வயதானவர். அவர் பேசி முடித்ததும் எந்திரம் பெண் குரலில் கேட்டது: "உங்கள் நாட்டில் அரசு அலுவலகம் எங்கே இருக்கிறது?"

"எங்க நாட்டுல இல்லீங்க. செம்மேட்டுக்குப் போகோணும்," என்றேன்.

வகுப்பில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த ஒரு பகுதி. எங்களுடையது பெரக்கரை நாடு. அவர் வேறு எதையாவது கேட்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் நாட்டு மக்கள் அங்கே எப்படிப் போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி.

"எங்க நாட்டுக்கு ஒரு பஸ்ஸுங்க. அதை விட்டா அன்னிக்கு அவ்வளவுதான்."

திண்ணனூர் நாட்டுக்காரர்கள் பாடு இன்னும் மோசம், ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்துதான் பஸ்ஸே ஏற வேண்டும் என்றும் விளக்கினேன். இப்போது சான்றிதழ் போனுக்கே வருகிறது, போனுக்கு சிக்னல்தான் வருவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். அதை யாரும் கேட்கவில்லை.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மகள் முகம் செத்துப்போனது. வீட்டுக்காரர் என் காதோரம் குனிந்து, "அவரு இந்தியாவக் கேக்கறாரு புள்ள," என்றார். அப்போதுதான் விளங்கியது. இத்தனை பெரிய இந்தியாவுக்கு ஒரே பஸ் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் வாயால் பிள்ளையின் படிப்பு போயிற்று என்றே நினைத்தேன்.

அவள் எழுந்து நின்றாள். அவள் கொரிய மொழியில் பேசப் பேச, எந்திரம் எனக்குத் தமிழில் சொன்னது. அம்மாவுக்குக் கேள்வி மாறிப் போனது, ஆனால் பதில் தப்பில்லை என்றாள். எங்கள் மலையில் நாடு என்றால் என்ன என்று விளக்கினாள். அரசாங்கக் கம்ப்யூட்டர் வேலைக்குத் தேசம் முழுவதற்கும் ஒரே மதிப்பெண் போட்டு முதலிடம், இரண்டாமிடம் என்கிறோம். சான்றிதழ் கொடுக்கும் எந்திரமோ ரயில் நிலையத்தில் நிற்கிறது. ரயிலே போகாத இடத்தில் இருப்பவர்களுக்கு என்ன கிடைத்தது என்று நாடு நாடாகப் போய்க் கேட்க வேண்டும், அம்மா சொல்கிற நாடு, என்றாள். குரலில் நடுக்கமே இல்லை. சண்டைக்குப் போகாதே என்று எனக்குப் புத்தி சொன்னவள் பேராசிரியரிடமே மல்லுக்கு நிற்கிறாள். என் பிள்ளைதான், சந்தேகமே வேண்டாம்.

சிரிப்பு அடங்கிவிட்டது. பேராசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு என்னைப் பார்த்துப் பேசினார். எந்திரம் அதே பெண் குரலில் சொன்னது:

"என் அம்மாவும் மலையில்தான் இருக்கிறார். அவர் நாட்டுக்கும் ஒரு பஸ்தான்."

"அம்மாவ ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வாங்க சாமி," என்றேன். சாமி என்றதை எந்திரம் என்னவாக மாற்றியதோ, மனிதர் இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

உதவித்தொகை தொடர்கிறது. இப்போது அங்குள்ள மலை ஊர்களுக்கெல்லாம் போய்க் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். முதலில் போனது பேராசிரியரின் அம்மா ஊருக்கு.

நானும் அந்த நீளமான விளக்கத்தை விட்டுவிட்டேன். மகள் எந்த நாட்டில் படிக்கிறாள் என்று கேட்டால் கொரியா என்கிறேன். எதைப் படிக்கிறாள் என்று கேட்டால், பெரக்கரை நாட்டை என்கிறேன்.