ஒருபக்கப் போர்டில் என் பெயர்

ஒரு முகத்தில் மட்டும் செம்பு ஒட்டிய பலகையில் சர்க்கிட் வரைகிறவனுக்கு விதி ஒன்றுதான்: கோடும் கோடும் தொடக்கூடாது. என்னைப்போல் இதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டு வீட்டில் திட்டு வாங்கும் அன்பர்களுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக, போன கிறிஸ்மஸில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

வாய்க்கொழுப்பு

பினாங்கு ஜார்ஜ் டவுனில் எங்கள் கோயிலின் கிறிஸ்மஸ் குடில் வேலைகளைப் பார்ப்பவர் சேவியர் அண்ணன். குழந்தை இயேசுவைப் பார்க்க மூன்று ராஜாக்கள் வரும் பாதையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, கடைசியில் குடிலின் மேல் நட்சத்திரம் எரிய வேண்டும். பழைய பெட்டி செத்துவிட்டதால் கடையில் புதிது வாங்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். "கடைச் சரக்கெல்லாம் எதுக்கு? நான் செஞ்சு தர்றேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. சேவியர் அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி தம்பி, உன்னை நம்பி கடைக்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடுறேன்லா."

இஸ்திரிப்பெட்டி

வரைந்த படத்தை வழவழப்பான தாளில் அச்செடுத்து, செம்பின் மேல் கவிழ்த்து, இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினால் மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். மை இல்லாத செம்பை மருந்துத் தண்ணீர் அரித்துவிடும், மிஞ்சுவது சர்க்கிட். ஆனால் முதல் தாள் நழுவி, மை பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது. நான் கவனிக்கவில்லை. மறுநாள் ஞாயிறு. என் மனைவி ரீத்தா தன் வெள்ளை பிளவுஸைத் தேய்த்தாள்.

முதுகில் கருப்புக் கோடுகள், நடுநடுவே வட்டங்கள். கைவசமிருந்த எதைப் போட்டுத் துவைத்தும் போகவில்லை. ரீத்தா கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிளவுஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்: "இதுல லைட் எங்க எரியும்?"

பாலங்கள்

ஒரு கோடு இன்னொன்றைக் கடந்தே ஆக வேண்டுமென்றால், பலகையின் மறுபக்கம் ஒரு கம்பியைப் பாலம்போல் போட வேண்டும். பாலம் குறைந்தால் மதிப்பு. கூடினால் வெளியே காட்ட முடியாது. என் படத்தில் ஒன்றை எடுத்தால் வேறிடத்தில் இரண்டு முளைத்தன.

வேலை முடிந்து தீவுக்குத் திரும்ப ஃபெரி ஏறுமுன், பட்டர்வொர்த் தேநீர்க் கடையில் படத்தை நண்பன் சகாயத்திடம் காட்டினேன். ஜுருவில் ஒரு கம்பெனியில் எஞ்சினியர், பத்து அடுக்குப் போர்டெல்லாம் வரைகிறவன். தே தாரிக்கை ஆற விட்டுவிட்டு விரலால் கம்பிகளைத் தடவிக்கொண்டே போனான். "பினாங்குக்கே ரெண்டு பாலம்தான்ணே இருக்கு" என்றான்.

என் பெயர்

போர்டின் ஓரத்தில் என் பெயரையும் செம்பிலேயே எழுதியிருந்தேன். யாராவது பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள் என்ற ஆசைதான். அடிப்பக்கத்தை மேலிருந்து பார்ப்பதால், கணினித் திரையில் எழுத்து இடவலம் மாறித்தான் தெரியும். கவிழ்த்து ஒட்டும்போது அதுவே சரியாகிவிடும். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் என் பெயர் திரும்பி நிற்பதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. அச்செடுக்கும்போது படத்தை இடவலம் மாற்றிவிட்டேன். தாளில் பெயர் அழகாக வந்தது. செம்பில் பெயரும் திரும்பியது, கூடவே மொத்தச் சர்க்கிட்டும் திரும்பியது.

துளையெல்லாம் போட்டு முடித்து, சிப்பைச் செருகப் போன பிறகுதான் கால்களின் வரிசை மாறியிருப்பது புரிந்தது. அன்றுதான் கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள். வேறு பலகையும் இல்லை. வெட்கத்தை விட்டுப் போர்டைப் படமெடுத்துச் சகாயத்துக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது: "பேரைக் கண்ணாடியில பார்த்தா சரியாத்தான்ணே இருக்கு. சிப்பையும் கண்ணாடிக்குள்ளயே மாட்டிடுங்க."

குடில்

வழி ஒன்றுதான் இருந்தது: மேலே இருக்க வேண்டிய எல்லாவற்றையும் செம்புப் பக்கமே ஏற்றிப் பற்றவைப்பது. ஏற்றினேன். அவசரத்தில், விளக்கு வயர்களைச் செருகும் இணைப்பை மட்டும் பழையபடி மறுபக்கம் வைத்துவிட்டேன். ஒன்று இங்கும் மற்றது அங்குமாக இருந்தால் வரிசை தலைகீழாகும். அதைச் சோதித்துப் பார்க்க நேரமில்லை.

பூசைக்கு முன் கோயிலே குடிலைச் சுற்றி நின்றது. சேவியர் அண்ணன் சுவிட்சைப் போட்டார். முதலில் நட்சத்திரம் எரிந்தது. பிறகு வெளிச்சம் குடிலிலிருந்து புறப்பட்டு, ராஜாக்களைத் தாண்டி, வாசல் பக்கம் போய் அணைந்தது. திரும்பத் திரும்ப அப்படியே. ரீத்தா தலை குனிந்துகொண்டாள். எனக்கு அந்த வெளிச்சத்தின் பின்னாலேயே வாசலைத் தாண்டிப் போய்விடலாம்போல் இருந்தது.

ஃபாதர் புருவத்தைத் தூக்கினார். என்னை நம்பிக் கடைக்காரனை வேண்டாமென்றவர் சேவியர் அண்ணன்; என்னை எப்படித் திட்டியிருந்தாலும் தகும். அவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: "ராஜாக்கள் வேற வழியா ஊருக்குத் திரும்பிப் போனாங்கல்ல ஃபாதர், அதைத்தான் தம்பி காட்டியிருக்காரு."

இந்த ஆண்டும் விளக்கை என்னையே செய்யச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் பெயர் மட்டும் போட வேண்டாமாம்.