சரவணன் கேட்ட பாட்டு

எனக்குத் தெரிந்து திருவண்ணாமலையில் டெத் மெட்டல் இசை கேட்டவர்கள் இரண்டே பேர்தான். நானும் என் நண்பன் சரவணனும். சுருதி சேராமல் முட்டிக்கொள்ளும் கிடார்கள், தொண்டை கிழியும் அலறல். புது ஆல்பம் வந்தால் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்போம். அலறல் எவ்வளவு கொடூரமோ எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சென்ற ஆண்டு கீழ்பென்னாத்தூர் சாலையில் லாரி மோதி சரவணன் இறந்துபோனான். காரியம் முடிந்த மதியம் அவன் அம்மா என்னை அந்த அறைக்குள் கூப்பிட்டார். அதுவரை அவர் அழவே இல்லை.

"கடைசியா என்ன பாட்டுப்பா கேட்டுனு இருந்தான்? எனக்குப் போட்டுக் காட்டு."

பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அந்த அலறலை எப்படிக் கொடுப்பது? ஹெட்போனை மாட்டிவிட்டு, மெல்லிய சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டேன். இதுதான் என்று பொய்யும் சொன்னேன்.

சில நொடிகளில் கழற்றிவிட்டார். "இது இல்லப்பா. எத்தினி வருசமா கதவுக்கு அந்தாண்ட நின்னு கேக்கறேன், எனக்குத் தெரியாதா? அதையே போடு."

போட்டேன். பதினோரு நிமிடப் பாட்டு. அவர் அசையவே இல்லை.

"எனக்கும் உள்ள இப்படித்தான்பா கத்துது. வெளிய வரமாட்டேங்குது. இன்னொருவாட்டி போடு."

இரண்டாம் முறை, பாதிப் பாட்டில் அவர் வாய்விட்டு அலறினார். ஹெட்போன் இருந்ததால் தன் குரல் அவருக்கே கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அதற்குக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.