மிஸ்ரி டப்பா

செம்பூர் மருத்துவமனையில் பல வருஷம் கீழ்த்தள பார்மசி கவுன்ட்டரில் இருந்த என்னை ஐசியூவுக்கு மாற்றினார்கள். முதல் நாள் ரவுண்ட்ஸில் டாக்டருக்குப் பின்னால் நின்றேன்.

"ஸ்டாக் செக்கிங்கா மேடம்?" என்றார் சிஸ்டர்.

சுருக்கென்றது. "இல்லை சிஸ்டர், இனிமே நானும் ரவுண்ட்ஸ்ல உண்டு," என்றேன். நோயாளிக்கு எந்த மருந்து பொருந்தும், எவ்வளவு, எது எதோடு மோதும் என்று பார்ப்பது என் வேலை.

அந்த வாரம் தாராவியிலிருந்து ஓர் அம்மாள் நிமோனியாவோடு வந்திருந்தார். சளி குறைந்தும் வென்டிலேட்டரை எடுக்க முடியவில்லை. மயக்க மருந்தைக் குறைத்தால் திமிறுவார், கை வாய்க்குப் போகும். ட்யூபைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டி, மருந்தைக் கூட்டினோம். இப்படியே போனால் தொண்டையில் துளை போட்டுத்தான் ட்யூப் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். மகள் வெளியே போய் அழுதாள்.

மறுநாள் சிஸ்டர் கட்டை அவிழ்த்து உடம்பு துடைத்தபோது பக்கத்தில் நின்றேன். அம்மாளின் விரல் ட்யூபைத் தொடவில்லை. உதட்டை விலக்கி ஈறைத் தேய்த்தது.

மகளிடம் போனேன். "அம்மா வீட்ல என்ன மருந்து சாப்பிடுவா?"

"ஒண்ணுமே கெடையாது மேடம்."

"காலம்பற பல் எதால தேய்ப்பா?"

சுற்றுமுற்றும் பார்த்தாள். "மிஸ்ரி, மேடம். டப்பாவ மடியில வச்சி நாளு பூரா தேய்ப்பாவ. அப்பாக்குத் தெரியாது, சொல்லிராதீய."

மிஸ்ரி என்றால் கருக வறுத்துப் பொடித்த புகையிலை. அது திடீரென்று நின்றுபோன தவிப்புதான் அத்தனை திமிறலும் என்று எனக்குத் தோன்றியது. டாக்டரிடம் சொன்னேன்.

"அரே, சிகரெட் உண்டான்னு கேட்டோம், இதைக் கேக்கலையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். இதயத்துடிப்பைக் கவனித்தபடி தோல் வழியே நிகோடின் இறங்கும் பேட்ச் ஒட்டலாம் என்று முடிவு செய்தோம். என் ஊகம் தப்பாகிவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை மருந்தைக் குறைத்தபோது அந்த அம்மாள் திமிறவில்லை. சொன்னபடி மூச்சு விட்டார். ட்யூப் வாய் வழியாகவே வெளியே வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தோளில் ஒட்டியிருந்தது எதற்கென்று மகள் சொன்னதும், கரகரத்த குரலில் கேட்டார்: "ஏட்டி, எல்லார்ட்டயும் சொல்லிட்டியா?"

"சொன்னதுனாலதாம்மா நீ இப்ப ஏசுத," என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மருந்து உண்டா என்று கேட்டால் இல்லை என்பார்கள். காலையில் எழுந்ததும் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள்.